எருமைத்தோல் வார் கட்டிய பாய்மரம்

காலையில் பெய்த மழையில் செருப்பு ஊறி, வார் தொளதொளவென்று ஆகி, ஆம்பூர் கடைத்தெரு நடுவில் காலை விட்டுக் கழன்றது. குனிந்து எடுத்தேன். ஈரத்தோல் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, மச்சான். கூடவே கோபமும் வந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாகூட உனக்கு இன்னும் ஓதவில்லை. போனவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்கிறார்கள். என்னால் ஆகவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். வேறு யாரிடமாவது சொன்னால் என் தங்கச்சி காதுக்குப் போகும்.

அந்தப் படகை நாம் இருவரும் சேர்ந்துதான் வாங்கினோம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன பழைய தேக்குப் படகு. நம்மைவிட அதற்கு வயது அதிகம். தோல் பதனிடுகிறவர்களுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று ஊரே சிரித்தது. ரயிலிலும் மாட்டுவண்டியிலுமாகக் கொண்டுபோய்க் காவேரிப்பாக்கம் ஏரியில் விட்டோம். பாய் உன் பொறுப்பு, சுக்கான் என் பொறுப்பு. அரக்கோணத்து ரயில்வே துரைமார் தங்கள் படகுகளோடு பந்தயத்துக்கு வருவார்கள். இரண்டு வருஷம் அவர்களை முந்தினோம். என் கை பட்டால் படகு சொன்னபடி கேட்கிறது என்று அவர்களே சொன்னார்கள். தோல் வியாபாரத்தில் நீ கெட்டி, நான் சுமார். எனக்கென்று இருந்த பெயர் அந்தச் சுக்கான் ஒன்றில்தான்.

மூன்றாம் வருஷம் கரையில் படகைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, நம் தொட்டியில் பதனிட்ட எருமைத்தோல் வார்களைக் கட்டியிருந்தாய். நம் சரக்கைத் துரைமார் பார்க்கட்டும் என்று எண்ணெய் வேறு தடவிப் பளபளவென்று வைத்திருந்தாய். நனைந்தால் தளராதா என்று கேட்டேன்.

"மாசக்கணக்கா தண்ணியில ஊறின தோலு இது. இனிமே தண்ணி இத இன்னா பண்ணும்?" என்றாய்.

தொட்டியோரமே பிறந்து வளர்ந்த இரண்டு பேரும் அதை நம்பினோம். ஆமாம், நானும்தான். தட்டிப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

ஏரி நடுவில் நட்டிருந்த கம்பம் வரைக்கும் நாம்தான் முன்னால். காற்று பலமாக இருந்தது, தண்ணீர் வாரி வாரி மேலே அடித்தது. கம்பத்தைச் சுற்றத் திருப்பினேன். அதுவரை நனைந்துகொண்டே வந்த வார்கள் இழுபட்டுத் தொங்கிவிட்டன. பிடிமானம் போன மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து முறிந்தது, படகு கவிழ்ந்தது. உனக்கு நீச்சல் தெரியாது. உன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். காற்று படகை அடித்துக்கொண்டுபோக, ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் கல்லில் அது மோதிப் பிளந்தது.

இருமி முடித்து நீ பேசிய முதல் பேச்சு என்ன? கூடி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாய்: "சுக்கான் புடிச்சவன் அவசரப்பட்டு திருப்பிட்டான். நான் இன்னா பண்ணட்டும்?"

பழியை நான் வாங்கிக்கொண்டேன். நம் வாரால் கெட்டது என்று வெளியே தெரிந்தால் நம் சரக்கை எவன் வாங்குவான் என்று அன்று மாலை என் காதில் சொன்னாய். அந்தச் சரக்கை நம்பித்தான் என் தங்கச்சி உன் வீட்டில் அடுப்பு மூட்டினாள். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் என்னிடம் சொன்னாய். வெட்கம்கெட்டவன் நீ.

பிளந்த பலகைகளைத் தொட்டிக்கு மூடியாகப் போட்டுவிட்டாய். அப்புறம் யாரும் என்னைப் படகில் ஏற்றவில்லை. துரைமாரும் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில், மண்டியில், எங்கே பார்த்தாலும் படகைக் கவிழ்த்தவன் என்றுதான் என்னை அடையாளம் சொன்னார்கள். நீ பக்கத்தில் இருந்து சிரிப்பாய். பதினோரு வருஷம் சிரித்தாய். நோயில் படுத்த பிறகாவது உண்மையைச் சொல்வாய் என்று வாராவாரம் வந்து உன் கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். புளிக்கிறது என்றாய்.

உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க முன்னால் போனேன். உன்னோடு வியாபாரம் செய்த ஒருவர் பின்னாலிருந்து, மெதுவாகத்தான், ஆனால் என் காதில் விழும்படி சொன்னார்: "அவர முன்னால வுடாதீங்கப்பா. சாச்சிடுவாரு."

நான்கைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் முன்கம்பைப் பிடித்துத் தோளில் வைத்தேன். யார் வந்து கேட்டும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை. மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில், கபர்ஸ்தான் வாசல்வரை, உன்னை ஒரு விரற்கடைகூடச் சாயவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இன்னும் தோள் வலிக்கிறது. இதையாவது உள்ளபடி நாலு பேரிடம் நீ சொல்லியிருக்கலாம். அதற்கும் இல்லாமல் போய்விட்டாய்.