கேசட்டின் மிச்சம்

கெலிமானே
12 ஜனவரி 1997

அன்புள்ள ஓடெட்,

நான் நலம். கொசுக்கள் என்னைவிட நலம். ஆற்றில் வெள்ளம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. மின்சாரமும் அப்படித்தான்.

நம் ஊர்ப் பேச்சைப் பற்றிய உன் ஆராய்ச்சிக்கு, நீ கேட்டபடி மீன் சந்தை செலஸ்டினாவைப் பேசவைத்து ஒரு கேசட் அனுப்புகிறேன். நீ எழுதியிருந்த முறையில்தான் ஆரம்பித்தேன்.

"தொலைஞ்சுபோன ஒண்ணைப் பத்திச் சொல்லு."

"எதை? குடையையா, புருஷனையா?"

"எது பெரிய நஷ்டமோ அதை."

"அப்ப குடைதான்."

ஆனால் பேசியது முழுக்கப் புருஷனைப் பற்றி. "நான் குடும்பம் நடத்தின ஆளு, அவனோட, இப்ப ஜோகன்னஸ்பர்க்ல வேற ஒருத்தியோட இருக்கான்" என்றாள். இலக்கணப் புத்தகம் "எவனோடு குடும்பம் நடத்தினேனோ அவன்" என்று எழுதச் சொல்கிறது. தொலைக்காட்சியில் பிரேசில் தொடர்கள் பார்க்கும் என் மாணவர்கள் "நான் குடும்பம் நடத்தின ஆளு" என்று நிறுத்திக்கொண்டு, "ஓட" என்பதைக் கேட்பவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். காலையில் இவற்றுக்கெல்லாம் சிவப்பு மை போடுகிறேன். மாலையில் உனக்காக இவற்றையே தேடி அலைகிறேன். நான் களையென்று பிடுங்குவதற்கு ஓர் அரசாங்கம் சம்பளம் தருகிறது. நீ பொறுக்கி வைப்பதற்கு இன்னோர் அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. நம் குடும்பம் இரு பக்கமும் லாபத்தில்தான் ஓடுகிறது.

இன்னொரு செய்தி. என்னை மிலாஞ்சிக்குத் தலைமை ஆசிரியராகப் போகச் சொல்கிறார்கள். பிப்ரவரி முடிவதற்குள் பதில் வேண்டுமாம். அதைப் பற்றிக் கேசட்டிலேயே, செலஸ்டினா முடித்த பிறகு, பேசியிருக்கிறேன். எழுதிப் பார்த்தேன், விண்ணப்பம் மாதிரி வந்தது.

இன்னும் இரண்டு பேருக்கான பானையில்தான் பயறும் தேங்காய்ப்பாலும் போட்டு முக்கபாட்டா சோறு சமைக்கிறேன். மிச்சத்தை மறுநாள் ஆறிப்போனபடியே தின்றுவிட்டு வகுப்புக்குப் போகிறேன்.

உன்,
பெலார்மினு


லிஸ்பன்
9 பிப்ரவரி 1997

அன்புள்ள பெலார்மினு,

கேசட் உடையாமல் வந்தது. என் கன்னத்தில் யாரும் முத்தமிடாத இந்த ஊரில் உன் பொட்டலத்துக்கு நான் முத்தம் கொடுத்ததைத் தபால் நிலையத்தில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

செலஸ்டினா ஒரு புதையல். கேசட்டுகளை எழுத்தில் எடுத்துத் தர லியோனோர் என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் தந்த தாள்களை ஒரே மூச்சில் படித்தேன். "நான் குடும்பம் நடத்தின ஆளு, அவனோட" என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தின் தலையில் உட்காரப்போகிறது. இந்தப் பேச்சு பிழை என்கிறார் என் பேராசிரியர். ஆனால் தொலைபேசியில் மனைவியோடு பேசும்போது அவரும் செலஸ்டினா மாதிரியேதான் பேசுகிறார். அவர் பேசினால் அதற்குப் பெயர் களைப்பு.

மிலாஞ்சியைப் பற்றி நீ சொன்னதையும் படித்தேன். "என்னை அனுப்பற பள்ளிக்கூடம், அதுக்கு", "தேயிலை விளையற மலை". சிவப்பு மை வாத்தியாரே, மாட்டிக்கொண்டாயா! வாழ்த்துகள். ஒப்புக்கொள். மலைக்காற்று உன் இருமலுக்கு நல்லது. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இங்கே இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கும்படி எனக்கும் ஒரு வேலை தருகிறார்கள். ஜூனில் திரும்புவதாகத்தானே நம் பேச்சு? உன் எண்ணம் என்ன, எழுது.

நேற்று முழுவதும் நான் பேசியது ரொட்டிக் கடையில் மட்டும். அதையும் கடைக்காரர் திருத்தினார்.

உன்,
ஓடெட்


கெலிமானே
1 மார்ச் 1997

அன்புள்ள ஓடெட்,

உன் கடிதம் கிடைத்தது. மிலாஞ்சிக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னபடி, இருமலுக்கு நல்லது.

உனக்குக் கிடைத்த வேலையை நீயும் ஒப்புக்கொள். இரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய விஷயம் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தைப் பாதியில் விட்டு வருபவர்களை இங்கே யாரும் வரவேற்பதில்லை.

சந்தையில் செலஸ்டினா, "பதில் வந்துச்சா வாத்தியாரே?" என்றாள்.

"வந்துச்சு. வாழ்த்துச் சொல்லியிருக்கா."

"வாழ்த்தா? எதுக்கு வாழ்த்து?"

"மலைக்காத்துக்கு."

என் பையில் ஒரு மீன் கூடுதலாகப் போட்டாள். அவள் ஓசியில் செதில்கூடத் தரமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். நான் காரணம் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பாச்சை உருண்டை வைத்து உன் தங்கை வீட்டில் சேர்த்திருக்கிறேன். என் புது விலாசம் கீழே.

பெலார்மினு


லிஸ்பன்
18 மே 1997

பெலார்மினு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லியோனோர் வேறு வேலைக்குப் போய்விட்டாள். செலஸ்டினா ஓரிடத்தில் மூச்சு வாங்குகிறாளா, நிறுத்துகிறாளா என்று சரிபார்க்க நானே கேசட்டைப் போட்டேன். அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை. இங்கே வேலை அப்படி. எந்தப் பேச்சில் நமக்கு வேண்டிய வாக்கிய அமைப்பு இருக்கிறதோ அதை மட்டும் லியோனோர் எடுத்து எழுதுவாள். மற்றதெல்லாம் மிச்சம். இந்த முறையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

சரிபார்த்த பிறகு நிறுத்த மறந்துவிட்டேன். பள்ளிக்கூடம் வந்தது, மலை வந்தது. பிறகு நீ.

"ஓடெட், ஜூன்ல வந்துடு. வரேன்னு சொல்லு, நான் மிலாஞ்சி போகல. வரலைன்னா அதையும் சொல்லிடு. நீ இல்லாம எனக்கு முடியல."

பின்னால் செலஸ்டினாவின் குரல். "கேட்டாச்சா? அப்பாடா. இதுக்கா இவ்ளோ நேரம் கூடையைச் சுத்திச் சுத்தி வந்தே? கிளம்புய்யா, மீன் நாறுது."

அந்த நாலு வாக்கியத்திலும் எனக்கு வேண்டிய அமைப்பு ஒன்றுகூட இல்லை. லியோனோர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

அந்தக் கூடுதல் மீன் எதற்கு என்று இப்போது தெரிகிறது.

நானும் உன் கடிதங்களில் "வா" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். "ஒப்புக்கொள்" என்றுதான் இருந்தது. ஏப்ரலில் இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று எழுதத்தான் பலமுறை உட்கார்ந்தேன். நீ கேட்டிருக்கிறாய்.

இன்னொரு முறை கேட்பாயா? எழுத்திலேயே கேள். விண்ணப்பம் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

உன்,
ஓடெட்


மிலாஞ்சி
22 ஜூன் 1997

அன்புள்ள ஓடெட்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உன்மேல் கோபம் இல்லை. லியோனோர் மேலும் இல்லை. பிள்ளைகளின் கட்டுரைகளில் பிழையை மட்டும் பார்த்து, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் திருப்பிக் கொடுத்து நானும் சம்பளம் வாங்குகிறவன்தான்.

இங்கே ஜூனில்தான் குளிர். காலையில் தேயிலைத் தோட்டத்தின் மேல் மேகம் உட்கார்ந்துகொள்கிறது. மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. இருமல் நின்றுவிட்டது. நீ சொன்னது சரி.

நீ கேட்டதற்குப் பதில் எழுதப் பலநாள் முயன்றேன். "வா" என்பதைச் சந்தையில், மீன் கூடைகளுக்கு நடுவே, ஒருத்தி பின்னாலிருந்து தள்ளித்தான் ஒரு தடவை கேட்டேன். இங்கே என்னைத் தள்ள யாரும் இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நான் கேட்டு நீ அதை முறித்துக்கொண்டு வந்தால், இந்த மலையில் ஒவ்வொரு குளிர்காலமும் நான் உனக்குக் கடன்பட்டவனாக இருப்பேன். நீயும் அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கப் பாடுபடுவாய்.

சின்னப் பானை ஒன்று வாங்கிவிட்டேன். இப்போது மிச்சம் விழுவதில்லை.

இந்தப் பக்கத்து ஆட்களின் பேச்சு கெலிமானேயிலிருந்து வேறு மாதிரி இருக்கிறது. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து போகிறவர்கள் அதிகம். உன் நாலாம் அத்தியாயத்துக்கு உதவலாம் என்று ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். தேயிலை பறிப்பவர் ஒருவர், காணாமல் போன தன் ஆட்டைப் பற்றிப் பேசுகிறார். நல்ல ஆடு.

இந்த முறை முடிவில் நான் எதுவும் கேட்கவில்லை. அவர் எழுந்து போன பிறகு நிறுத்த மறந்துவிட்டேன். தகரக் கூரையில் மழை மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். புதிதாக யாராவது எழுதித் தருவதானால், அதை எழுதாமல் விட்டுவிடச் சொல்.

பெலார்மினு