கோமதியின் ஏழாவது நட்சத்திரம்

கார்த்திகை 18

காலையில் தூறல், பிறகு தெளிவு. இன்று தீபம். கடையத்திலிருந்து அக்காள் வந்தாள். வந்ததும் பழைய வம்பு. கார்த்திகைக் கூட்டத்தில் கோமதிக்கு மட்டும் ஏழு நட்சத்திரம் தெரிகிறதே, அது.

"ஏட்டி, கார்த்திகைப் பொண்ணுக ஆறு பேருதான். ஒனக்கு மட்டும் ஒண்ணு கூடப் பொறந்திருக்கோ?"

எங்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அக்காளுக்கு இதே கேலி. நானும் சேர்ந்து சிரித்தவன்தான். மூக்குக் கண்ணாடியோடும் எனக்கு ஆறு தெரிவதே தகராறு. மாடியிலிருக்கும் என் டெலஸ்கோப்பில் பார் என்றால் கோமதி மாட்டாளாம். "நான் அதுல பாத்துட்டுச் சொல்லுதேன்னு மதினி சொல்லுவாக. நீங்க படம் புடிங்க, பொறவு பாக்கேன்."

நல்ல நாள், இன்றைக்கே பிடி என்றாள் அக்காள். பிடித்தேன்.

கார்த்திகை 19

படம் பிடித்த கண்ணாடித் தகடு வெளிச்சம் ஏறி முழுக்கக் கறுப்பு. பக்கத்திலேயே பௌர்ணமி நிலா, மாடிச் சுவரெல்லாம் அகல், கோயில் முன்னால் சொக்கப்பனை. சர்வே ஆபீஸ்காரன் என் புத்தி எங்கே போயிற்று? தகட்டைப் பார்த்துவிட்டுக் கோமதி அகல்களைப் பொறுக்கப் போய்விட்டாள். அதுதான் வருத்தம். மிச்சம் ஒரே தகடு.

வாங்க: தகடு கழுவ ஹைப்போ, தீப்பெட்டி, உளுந்து.

கார்த்திகை 27

நாலு நாள் மழைக்குப் பின் வானம் திறந்தது. கோமதி அண்ணாந்து பார்த்துப் பார்த்து மாடித் தரையில் கோலமாவால் ஏழு புள்ளி வைத்தாள். அப்படியே தாளில் குறித்துக்கொண்டேன். படம் எடுப்பதற்குள் மறுபடி மேகம்.

மார்கழி 2

காலை சைக்கிளில் குற்றாலம். நம் கிணற்று உப்புத் தண்ணீர் தகட்டில் கறை விடும். அதனால் இரண்டு டின் நிறைய அருவித் தண்ணீர். கூட்டமில்லை, சுகமான குளியல்.

சாயங்காலம் நிலா இல்லை. 7-10 முதல் 7-30 வரை தகட்டைத் திறந்து வைத்துப் படம். டெலஸ்கோப்பின் பின்னால் தகட்டுப் பெட்டி, பக்கத்தில் கட்டிய சின்னக் குழாயில் என் கண். ஒரு நட்சத்திரத்தை அந்தக் குழாய்க்குள் குறுக்கே ஒட்டிய சிலந்தி நூலில் நிறுத்தி, அது விலகாதபடி டெலஸ்கோப்பைக் கையாலேயே திருகினேன். கொசு கடித்தும் நான் அசையவில்லை. உடனே சாமான் அறையில் கழுவியாயிற்று.

மார்கழி 3

தகடு காய்ந்தது. நகத்தளவு இடத்தில் கறுப்புப் புள்ளிகள், முப்பதுக்கு மேல். தாளை அருகில் வைத்தேன். பொருந்தவில்லை. கோமதியின் முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, தகட்டைப் புறம் மாற்றிப் பிடித்திருக்கிறேன். திருப்பினேன். பெரிய புள்ளிகள் ஏழு. அவள் வைத்த ஏழாவது, வைத்த இடத்திலேயே. இத்தனை வருஷம் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"சரி, விடுங்க. மதினிக்கு ஒரு படம் அனுப்பிருங்க."

விளக்கு வைத்ததும் மாடிக்கு வந்து முதன்முதலாக டெலஸ்கோப்பில் கண் வைத்தாள். எண்ணுகிறாளாம். அரை மணியாயிற்று. என் முறை வரவில்லை.