பஸ்ஸில் போய்விடலாமா

சனிக்கிழமை இரவு, தூத்துக்குடி லாட்ஜ்.

ராமநாதபுரத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சைக்கிள் மிதித்து வந்தோம். காலையில் கன்னியாகுமரிக்குக் கிளம்ப வேண்டும்.

தருவைகுளம் தாண்டியதும் இவர் நெஞ்சை நீவிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஏளா, வெறும் வாயுதான், பேசாம வா" என்று எரிந்து விழுந்தார்.

தொடை வலியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். சற்றுமுன் இருட்டில் குரல் வந்தது.

"ஏளா, முழிச்சிருக்கியா? நாளைக்கு பஸ்ஸுல போயிருவமா?"

காய்ச்சலிலும் சைக்கிளை விடாத மனுஷன். எழுந்து லைட்டைப் போட்டேன்.

"சட்டையப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். உடனே எழுந்து பொத்தான் போடுகிறார். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். கீழே ஹாரன் கேட்கிறது.