வைப்பருக்குக் கீழே மஞ்சள் துண்டு

மார்ச் 1, சனி

காலை பத்தேகால். மைனஸ் நாலு. சிவப்பியை ஸ்ராட் பண்ணி, கார்த் தரிப்பிடத்திலிருந்து முற்றத்துக்கு எடுத்து, கொஞ்ச நேரம் உறும விட்டேன். சிவப்பி என்று பெயர் வைத்தது மகள் வினோஜா. இரண்டு சீற், துணிக் கூரை, ஜப்பான் கார், வயது இருபத்தாறு. எனக்கு ஐம்பத்தாறு. குளிருக்கு மூட்டுப் பிடிக்கிறது இரண்டு பேருக்கும் பொது.

இந்தக் கொப்பியைத் திட்டத்துக்கென்றே வாங்கினேன். கோடைக்கு முதல் செய்ய வேண்டியவை: காற்று உள்ளே போகிற பாதையைப் பெரிதாக்குவது, புகை போகிற மனிபோல்ட்டை மாற்றுவது, வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாப்ட் புதிது, கடைசியில் கணினியில் ரியூனிங். இப்போது நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றில் நிற்கிற எஞ்சினை ஏழாயிரத்து எண்ணூறு வரைக்கும் கொண்டுபோவது. காற்றைத் தள்ளிக் கொடுக்கிற ரேர்போ கிடையவே கிடையாது. அது வளர்ந்த பிள்ளைக்குச் சோறு தீத்துகிற மாதிரி. எஞ்சின் தன் காற்றைத் தானே இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் மனைவி மலருக்கு விளக்கினேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு, "காலமை ஸ்ராட் பண்ணேக்கை கீழை என்னவோ இடிக்குது" என்றா. குளிருக்கு எல்லாம் இடிக்கும் என்றேன். பேச்சு முடிந்தது.

மார்ச் 8, சனி

காரின் வைப்பருக்குக் கீழே ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு. எங்கள் கட்டிடத்தில் கோபத்துண்டு புதிதில்லை. உடுப்புத் தோய்க்கிற அறையில் மாதம் ஒன்றாவது ஒட்டியிருக்கும், பெயர் இல்லாமல், கடைசியில் ஒரு சிரிப்புமுகத்தோடு. சத்தம் போடுகிறேன் என்று யாரோ எழுதிவிட்டார்கள் என்று நினைத்துப் படிக்காமலே சட்டைப்பைக்குள் வைத்தேன்.

பின்னேரம் எடுத்துப் பார்த்தால் வேறு கதை. நொர்வேஜியனில், எல்லாம் பெரிய எழுத்து: குளிர்ந்த எஞ்சினில் முதல் மூன்று செக்கன் அடியில் மந்தமான தட்டல். எண்ணெய் மேலே வந்ததும் நிற்கிறது. காரணம் தெரியும்வரை சுற்றைக் கூட்ட வேண்டாம்.

சிரிப்புமுகம் இல்லை.

சுற்றைக் கூட்டப் போகிறேன் என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? திட்டம் தெரிந்தவர்கள் நான், மெக்கானிக் றெஜினோல்ட், மலர். மலரை விடுவோம். நாலாம் மாடி ஓலாவுக்கும் லிப்டில் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதியது ஓலாவ் இல்லை. இன்று லிப்டில் மூன்று தரம் வணக்கம் சொன்னேன், மூன்றாம் தரம்தான் காதுக்கருவியைப் போட்டார். இவர் தட்டலைக் கேட்டிருந்தால் அது எஞ்சின் இல்லை, இடி.

மார்ச் 15, சனி

சிவப்பியை றெஜினோல்டிடம் கொண்டுபோனேன். திருகோணமலைப் பெடியன், நாற்பது வயதாகியும் எனக்குப் பெடியன்தான். இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மலரின் நண்டுக்கறிக்காக என்னையும் சகித்துக்கொள்கிறான் என்பது என் ஊகம்.

நீண்ட திருப்புளியை எஞ்சினில் வைத்து மற்றப் பக்கத்தைக் காதில் வைத்துக் கேட்டான். நாலு சிலிண்டரிலும் அமுக்கம் அளந்தான். "ஒரு சத்தமும் இல்லை அண்ணை. நல்ல எஞ்சின்." பிறகு துணியில் கையைத் துடைத்தபடி, "மனம் கேக்கேல்லையெண்டால் அடியைத் திறந்து பாப்பம்" என்றான்.

அங்கேதான் எனக்குள் ஒரு கம்பி முறுகியது. சத்தம் இல்லையென்றால் எதற்குத் திறக்க வேண்டும்? அடியைத் திறப்பது பெரிய வேலை. துண்டு எழுதியவனும் அடி என்கிறான், இவனும் அடி என்கிறான். எங்கள் தரிப்பிடக் கதவைத் திறக்கிற சாவி ஒன்று இவனிடம் இருக்கிறது, நானே கொடுத்தது.

சே. பத்து வருடப் பழக்கம்.

இருந்தாலும்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு பதில் துண்டு எழுதி வைப்பருக்குக் கீழே வைத்தேன். யார் நீங்கள்? ஏன் நேரே சொல்லவில்லை?

மார்ச் 19, புதன்

பதில் வந்திருக்கிறது. "நேரே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை."

எனக்கு நேரே சொன்ன ஆள் யார்? 'திறந்து பாப்பம்' என்று முகத்துக்கு நேரே சொன்னது ஒரே ஒருவன். நான் 'பிறகு பாப்பம்' என்றுவிட்டு வந்தேன். கணக்குச் சரியாக வருகிறது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் எழுதினவனுக்கே இது விளங்குகிறது.

மார்ச் 22, சனி

றெஜினோல்டுக்கு வேலை கூடிவிட்டதாம், சாப்பாட்டுக்கு வரவில்லை. வசதியாகப் போயிற்று. ஒரு மணியிலிருந்து தரிப்பிடத்தில் தூணுக்குப் பின்னால் நின்று காவல் காத்தேன். பள்ளிக்கூடக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற வக்த்மேஸ்தராகப் பதினெட்டு வருடம் வேலை செய்கிறேன், சிகரெட் பிடிக்கிற பிள்ளைகளை இப்படித்தான் பிடிப்பது. இரண்டரை மணித்தியாலம். ஒருத்தரும் வரவில்லை. மலர் மட்டும் குப்பைப் பையோடு வந்து, "தூணுக்குப் பின்னாலை ஏன் நிக்கிறியள்? தேத்தண்ணி போட்டு வைச்சிருக்கு, போய்க் குடியுங்கோ" என்றா. கால் விறைத்திருந்தது. போய்க் குடித்தேன்.

திரும்பி வந்தால் துண்டு இருக்கிறது!

கால் மணித்தியாலம் கூட இல்லை. என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இந்தத் தரம் ஒரே கேள்வி: ஓயில் பில்ரரை மாற்றியது யார்?

நான்தான் மாற்றினேன். ஒக்ரோபரில், இன்ரநெற்றில் எடுப்பித்து. மலிவுதான், அதற்கென்ன? எல்லாப் பில்ரரும் தகர டப்பா. இந்தக் கேள்வியில் இருக்கிற நக்கலைப் பார்த்தால் றெஜினோல்டின் வாடை அடிக்கிறது. தன்னிடம் வாங்காத எதையும் அவனுக்குப் பிடிக்காது.

மார்ச் 23, ஞாயிறு

நீண்ட பதில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு எழுதுவது லேசாக இருக்கிறது. வினோஜா ட்ரொண்ட்ஹைமுக்குப் படிக்கப் போனதிலிருந்து எஞ்சின் கதைக்க வீட்டில் ஆளில்லை. முந்தி அவள்தான் பக்கத்து சீற். என் மனைவி நல்லவ, ஆனால் எஞ்சினைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது, பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவ. ஏழாயிரத்து எண்ணூறு சுற்றில் அந்தச் சத்தத்தை ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இப்படி ஒரு பக்கம். கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டேன்.

மார்ச் 26, புதன்

பதில்: "மனைவியைக் கேட்டுப் பார்த்தீர்களா?"

என்னத்தைக் கேட்க? பகிடி பண்ணுகிறான்.

மார்ச் 29, சனி

பொறுமை போயிட்டுது. இண்டைக்குக் கராஜுக்குப் போய் நாலு துண்டையும் றெஜினோல்டின் மேசையில் விரிச்சு வைச்சன். வேலை வேணுமெண்டால் நேரே கேக்கலாமே, ஏன் இந்தக் களவு வேலை எண்டு கேட்டன். மற்ற இரண்டு பெடியளும் நிண்டவங்கள். நான் கவனிக்கேல்லை. கவனிச்சிருந்தாலும் கேட்டிருப்பன்.

அவன் ஒவ்வொன்றாக வாசித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அண்ணை, நான் எழுதிறதெண்டால் பில்லிலைதான் எழுதுவன்" என்றான். பிறகு தரிப்பிடச் சாவியைக் கோர்வையிலிருந்து கழற்றித் துண்டுகளுக்கு மேல் வைத்தான். எனக்காக எடுப்பித்து வைத்திருந்த கேம்ஷாப்ட் பெட்டியைக் கொண்டுவந்து கையில் தந்தான். குழந்தையைத் தருகிற மாதிரி, இரண்டு கையாலும்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

ஏப்ரல் 5, சனி

றெஜினோல்ட் ஏன் வரவில்லை என்று மலர் கேட்டா. சொன்னேன். கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. "அந்தப் பெடியனையோ கேட்டனீங்கள்?" அன்று நண்டு இல்லை. பருப்பு.

துண்டு வருவதும் நின்றுவிட்டது. நான் கேட்ட நாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. அவன்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி கிடைத்தவனுக்கு ஏன் நித்திரை வருகுதில்லை?

ஏப்ரல் 6, ஞாயிறு

கள்ளன் மாதிரி யன்னல் பூட்டியிருக்கிற நேரம் பார்த்து ஸ்ராட் பண்ணினேன். ரேடியோ இல்லை, உறும விடவில்லை. தலையைச் சரித்துக் கேட்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தட்டுகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

மலர் வாசிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டா. எனக்கு இன்று பின்னேர வேலை, காலையில் டிப்போவுக்குக் கொண்டுபோனேன். இருபத்தொரு வருடமாக அவ அங்கே வேலை. நான் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன், வாசலில் ஏற்றியிருக்கிறேன். உள்ளே போனது இன்றுதான்.

பஸ் ஒன்று கழுவுகிற மண்டபத்துக்குள்ளிருந்து வந்தது, ஓட்டி வந்தது மலர். அவ்வளவு பெரிய பஸ்ஸை வெள்ளைக் கோட்டுக்குள் பிசகாமல் நிற்பாட்டினா. இறங்கி, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கடதாசிக் கட்டொன்றை எடுத்து, எதையோ எழுதிக் கிழித்து, பஸ்ஸின் வைப்பருக்குக் கீழே செருகினா.

நான் கண்ணாடிப் பெட்டியோடு கிட்டப் போவதற்குள் அவ அடுத்த பஸ்ஸை எடுக்க மண்டபத்துக்குள் போய்விட்டா.

டானியல் என்கிற நொர்வேஜியன்தான் அங்கே திருத்துகிற பகுதிக்குப் பொறுப்பு. "நீங்கள்தான் மலரின் ஆளோ" என்று கையைத் தந்தார். கழுவுகிறவர்கள் பஸ்ஸை நகர்த்தும்போது பழுது தெரிந்தால் துண்டு எழுதி வைப்பது இங்கே வழமையாம். மற்றவர்கள் லைற் எரியவில்லை, கதவு இறுகுகிறது என்று எழுதுவார்களாம். மலர் சத்தத்தை எழுதுவாவாம். டீசல் பஸ் ஓடிய காலத்தில் அவ துண்டு வைத்தால் மறுபேச்சில்லாமல் எஞ்சினைத் திறப்பார்களாம். சுவரில் பழைய துண்டுகள் பத்துப் பதினைந்து குத்தியிருந்தன. எல்லாம் பெரிய எழுத்து. எனக்குப் பழக்கமான எழுத்து.

"இப்ப எல்லாம் மின்சார பஸ்" என்று டானியல் சிரித்தார். "கேக்க ஒண்டும் இல்லையெண்டு அவவுக்குப் பெரிய கவலை."

கண்ணாடியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அவவின் தமிழ் எழுத்து எனக்குத் தெரியும், கடைச் சாமான் எழுதுகிற எழுத்து. வேலையிடத்து எழுத்தை ஒருநாளும் கண்டதில்லை. "எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று அவவுக்கே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில். நல்லவ என்றும் எழுதினேன், அது ஒன்றுதான் பிழைக்க வழி.

ஏப்ரல் 12, சனி

டிப்போவுக்குப் போனதைப் பற்றி அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் ஒரு துண்டு எழுதி வைப்பருக்குக் கீழே வைத்தேன். இந்தத் தரம் தமிழில். "கேட்கச் சொன்னீர். கேட்கிறேன். முதலில் என்ன செய்ய வேணும்?"

குப்பைப் பையோடு போய் வந்தா. அரை மணித்தியாலம் பொறுத்துக் கீழே போனேன். பதில் தமிழில் இருந்தது. கடைச் சாமான் எழுதுகிற எழுத்து.

"முதல் றெஜினோல்டிட்டை மன்னிப்பு. பிறகு நல்ல ஓயில் பில்ரர். பிறகு அவனைக் கொண்டு அடியைத் திறவுங்கோ. எஞ்சின் ஆறியிருக்கேக்கை அவனைக் கூப்பிட்டுக் கேக்க விடுங்கோ, சூட்டிலை கேட்டால் அவனுக்கு மட்டுமில்லை ஒருத்தருக்கும் கேக்காது. இண்டையிலிருந்து குப்பை உங்கடை வேலை."

ஏப்ரல் 13, ஞாயிறு

றெஜினோல்டின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லி முடித்தேன். கதவில் சாய்ந்து நின்று முழுக்கக் கேட்டான். பிறகு, "எழுத்திலை தாங்கோ அண்ணை" என்றான். மலர் மஞ்சள் கடதாசிக் கட்டொன்றை என் கோட்டுப் பையில் ஏற்கெனவே வைத்திருந்தா. சுவரில் வைத்து எழுதிக் கொடுத்தேன். அதைக் கராஜில் ஒட்டப் போகிறானாம், மற்ற இரண்டு பெடியளும் வாசிக்க. ஒட்டட்டும். அவங்களுக்கு முன்னாலைதானே கேட்டனான்.

ஏப்ரல் 26, சனி

அடியைத் திறந்தாயிற்று. மலரும் வந்து நின்றா, டிப்போச் சட்டையோடு. மூன்றாம் சிலிண்டரில் பிஸ்ரனை இழுக்கிற கம்பி சுழல்கிற பெயரிங்கில் வெள்ளைப் பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிகிறது. என் தகர டப்பா பில்ரர் எண்ணெயைப் பிடித்து வைக்காமல் கிழமை முழுக்க வடிய விட்டிருக்கிறது. ஒவ்வொரு சனியும் மூன்று செக்கன் எஞ்சின் வறட்டில் ஓடியிருக்கிறது. அதோடு நான் உறும வேறு விட்டிருக்கிறேன்.

"இதோடை எண்ணாயிரத்துக்குக் கிட்டச் சுத்தியிருந்தால், கம்பி எஞ்சினைக் கிழிச்சுக்கொண்டு றோட்டுக்கு வந்திருக்கும்" என்றான் றெஜினோல்ட். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மலரைப் பார்த்து. அவ தலையாட்டினா. பிறகு இரண்டு பேரும் காருக்குக் கீழே குனிந்து ஏதோ கதைத்தார்கள். நான் லைற் பிடித்தேன்.

மே 10, சனி

காலை பத்தேகால். பதினொரு பாகை, வெயில். புதுப் பெயரிங், நல்ல பில்ரர். திறப்பைத் திருப்பினேன். மலர் முன்னுக்கு நின்று கண்ணை மூடிக்கொண்டா. ஒன்று, இரண்டு, மூன்று. "ம்" என்றா. அவ்வளவுதான் சான்றிதழ்.

திட்டத்தில் மாற்றம்: மனிபோல்ட் சரி, காற்றுப் பாதை சரி. கேம்ஷாப்ட் பெட்டி அடுத்த வருடம்வரை கட்டிலுக்குக் கீழே இருக்கும். ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, எண்ணெய் மாற்றி, கேட்டுப் பார்த்துத்தான் மிச்சமாம். யார் சொன்னது என்று எழுதத் தேவையில்லை.

பிறகு அவ ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து, என்னை இறங்கச் சொல்லி, சீற்றை முன்னுக்கு இழுத்தா. நான் சுற்றிப் போய் வினோஜாவின் சீற்றில் ஏறினேன். மத்தியானம் றெஜினோல்ட் வருகிறான், நண்டு குசினித் தொட்டியில் கிடக்கிறது, அதற்குள் திரும்ப வேண்டும். கூரையைத் திறந்தோம். பெரிய றோட்டுக்கு ஏறியதும், நாலாயிரத்துக்கு மேல் போக வேண்டாம், புதுப் பெயரிங் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொறுங்கோ" என்றா. "கேட்டுக்கொண்டிருக்கிறன்."