பக்கத்துக் காம்பரா

1973 பெப்ரவரி 6, செவ்வாய்

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இன்றைக்கு ஓயாத சத்தம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் திரும்பும்வரை ஒரு குழந்தைகூடத் தூங்கவில்லை. குடியிருக்கிற லயத்துக்கு வந்தால் இங்கேயும் அதே கூத்து. வீடென்று ஒரே ஒரு அறை, ஒரு காம்பரா. அதில் நாங்கள் இரண்டு பேர், மாமியார், நாலு பிள்ளைகள். மூத்தவள் வசந்தா வயசுக்கு வந்து வருஷமாகிறது. அவள் உடுப்பு மாற்ற நான் சேலையை விரித்துப் பிடிக்க வேண்டும், அவளுடைய அப்பா வெளியே மழையில் போய் நிற்க வேண்டும். இன்றும் நின்றார். நனைந்து வந்த மனிதரிடம், தரையை ஈரமாக்காதீங்க என்று சீறினேன். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும்.

பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா அக்கா வந்தது. நாளைமறுநாள் கண்டியில் பிரஜாவுரிமை விசாரணையாம். இங்கேயே இருக்கலாமா, இந்தியாவுக்குப் போக வேண்டுமா என்று அதில்தான் முடிவாகும். எங்களுக்குப் போன வருஷமே இலங்கை என்று வந்துவிட்டது. அக்கா பிறந்ததும் பிள்ளை பெற்றதும் இந்தத் தெல்தோட்டையில்தான். அங்கே அதற்கு யாரைத் தெரியும்?

"மாரியாத்தாகிட்ட சொல்லிட்டேன். ஒங்க சாமிகிட்ட நீ சொல்லு ஞானம். நீ சொன்னா கேக்கும்" என்றது. பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல?

பெப்ரவரி 7, புதன்

ஜெபம் பண்ணினேன். அக்கா, அதன் வீட்டுக்காரர் இருளப்பன், பிள்ளைகள், எல்லாரும் அவர்கள் வீட்டுத் தரையில் முழங்கால் போட்டார்கள். என் வாய் நன்றாகத்தான் பேசியது. "இந்தக் குடும்பத்தை இந்த மண்ணிலேயே நிலைநிறுத்தும் ஆண்டவரே" — சபையில் எல்லாரும் மெச்சுகிற அதே குரல்.

கண்ணைத்தான் மூடவில்லை. அந்தச் சுவரோரமாக வசந்தாவுக்கு ஒரு கட்டில் போடலாம். நடுவில் ஒரு கதவு வைத்தால் மாமியாரை இந்தப் பக்கம் விடலாம். அப்படியே நினைத்துக்கொண்டு இருந்தவள் — எழுதக் கை கூசுகிறது — உள்ளுக்குள்ளே, இவங்களை அனுப்பிரும் ஆண்டவரே, இந்தக் காம்பரா எங்களுக்குக் கிடைக்கட்டும் என்று கேட்டுவிட்டேன். சும்மா நினைக்கவில்லை. கேட்டேன். ஆமென் சொன்னதும் அக்கா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

பெப்ரவரி 18, ஞாயிறு

ஆராதனையில் போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

மார்ச் 20, செவ்வாய்

அக்காவுக்கு இந்தியா.

பதில் வந்ததும் முதலில் என்னிடம்தான் ஓடி வந்தது. அழவில்லை. "நீ அன்னிக்கு ஜெபம் பண்ணலைன்னா இதைக் கேட்டதும் விழுந்துருப்பேன் ஞானம். அதுதான் என்னையத் தாங்குது" என்றது. அழுதது நான்தான். பாவி, நான் படுபாவி. அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது.

மார்ச் 23, வெள்ளி

கண்டி விசாரணைக் கந்தோர் ஐயாமார் என் மனசைப் பார்த்தா முடிவு எழுதினார்கள்? எனக்கென்ன பைத்தியமா? லயத்துக்கு லயம் எத்தனையோ பேருக்கு இந்தியா என்றுதான் வருகிறது. அப்படிச் சொல்லி மனசைத் தேற்றப் பார்த்தேன்.

ஆனால் கர்த்தர் அதைக் கேட்கவில்லை என்றால், இத்தனை வருஷமாக நான் சொன்னதை எல்லாம் யார் கேட்டது? எங்களுக்கு இலங்கை என்று வந்தபோது, ஜெபத்தால் கிடைத்தது என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேனே. நல்லது வந்தால் என் ஜெபம், கெட்டது வந்தால் கந்தோர் முடிவா? நல்லா இருக்கு ஞானம்மா ஒன் நியாயம். எந்தப் பக்கம் ஓடினாலும் மாட்டிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 30, திங்கள்

எங்கள் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பக்கத்துக் காம்பராவை எங்களுக்கே தருவதாகப் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அந்தப் பக்கம் கேட்கும், வாயை மூடுங்க என்று கத்தினேன். வசந்தாவை அடித்தும் விட்டேன். அவள் என்ன செய்தாள், பாவம்?

முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. எத்தனை கஷ்டம் வந்தாலும் அதுதானே எனக்குக் கஞ்சியும் தண்ணியும். இப்போது அதுவும் இல்லாமல் வெறும் ஆளாக நடமாடுகிறேன்.

மே 26, சனி

சொல்லிவிட்டேன்.

அக்கா பீலித் தண்ணியில் துணி துவைத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. அன்றைக்கு வாயால் என்ன கேட்டேன், உள்ளுக்குள் என்ன கேட்டேன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா துணியைப் பிழிந்தபடியே கேட்டது. பிறகு, "அப்ப பதில் வந்தன்னிக்கு நீ அழுதது?" என்றது.

அதற்காகத்தான் என்றேன்.

"நான் ஒனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்" என்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஜூன் 2, சனி

பேசவில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எனக்கு வேணும்.

ஜூன் 14, வியாழன்

போய்விட்டார்கள்.

விடிந்ததும் லயமே கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் ஒப்பாரி. மூட்டை முடிச்செல்லாம் லொறியில் ஏற்றியாயிற்று. கண்டி ஸ்டேஷன், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி, அப்புறம் கப்பல். நான் எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன். ஏறப் போன அக்கா என்ன நினைத்ததோ, லொறியில் இருந்த பிள்ளைகளை இறக்கியது. எல்லாரையும் இழுத்துக்கொண்டு நேரே வந்து எங்கள் வாசலிலேயே முழங்கால் போட்டது. சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"இன்னிக்கு நெசமாப் பண்ணு" என்றது.

கண்ணை மூடினேன். ஆண்டவரே, எங்க அக்கா... எங்க அக்காவை விட்டுராதீங்க — அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். மூக்கு ஒழுகியது, துடைக்கத் தோன்றவில்லை. அக்கா ஆமென் சொல்லி எழுந்து, பிள்ளைகளின் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டது. சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. லொறி வளைவில் திரும்பி மறைகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒக்டோபர் 9, செவ்வாய்

அக்காவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கரை சேர்ந்தார்களா, கூலி வேலையாவது கிடைத்ததா, ஒன்றும் தெரியாது.

வசந்தா இப்போது பக்கத்துக் காம்பராவில்தான் படுக்கிறாள். அவள் வெளியே போன நேரம் பார்த்து நான் அங்கே முழங்கால் போடுகிறேன். அக்காவுக்காக மட்டும் கேட்கிறேன். எனக்கென்று எதுவும் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் எழுந்து வேலைக்குப் போகிற தெம்பு அதில்தான் கிடைக்கிறது.

இன்று அவள் பார்த்துவிட்டாள். சபையில் எல்லாரும் ஒன் ஜெபத்தைக் கேட்கக் காத்திருக்காங்க, நீ ஏன் வாயைத் திறக்கிறதே இல்லை என்று கேட்டாள்.

"சத்தமாப் பண்ணினா அழகாப் பண்ணத் தோணும்டி" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள். யாருக்காக என்று மட்டும் கேட்டாள். பேச்சியம்மா பெரியம்மாவுக்கு என்றேன்.