வராந்தா பெஞ்சு

அன்புள்ள ரைட்டர் தம்பிக்கு,

நலம். மகள் வீட்டில் நீயும் முழங்கால் வலி குறைந்து நலமாக இருப்பாய் என நம்புகிறேன். முப்பத்து நான்கு வருடம் போலீஸ் அதிகாரியாக இருந்தவன் இப்போது பல்கலைக்கழக வாத்தியார். வகுப்பில் நுழைந்ததும் சல்யூட்டுக்காக ஒரு நொடி நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாலே பெரிய மரியாதை. சாக்பீஸை லத்தி மாதிரிப் பிடிக்கிறேனாம், உன் அண்ணிக்கு ஒரே சிரிப்பு.

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "விசாரணைக்குக் கூப்பிட்டா, சாட்சி தையல்காரர் பின் ரூம்லதான் இருந்தாருன்னு மறுபடியும் சொல்லிடுறேன் ஐயா, கவலைய விடுங்க" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கேள். சாட்சி அடையாளம் காட்டுவது பற்றிப் பாடம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மெக்கானிக்கை நாம் ஜெயிலுக்கு அனுப்பிய காவலாளி கொலை வழக்கை, பெயர்களை அழித்து, முன்மாதிரி என்று பெருமையாகக் கொடுத்தேன். ரைட்டராக நீ முத்து முத்தாக எழுதிய ஸ்டேஷன் டைரியின் நகலும் இருந்தது. ஸ்டேஷன் படத்தை நானே கரும்பலகையில் வரைந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "சார், சாட்சி பத்து மணிக்கு வந்து வராந்தா பெஞ்சுல உக்காந்திருக்காரு. பத்தே காலுக்கு மெக்கானிக்கை விலங்கு போட்டுக் கூட்டிட்டு வர்றீங்க. உள்ள போக வேற வழி இருந்துச்சா?"

நான் வரைந்த படத்தில் ஒரே வாசல்தான்.

அன்றைக்கே நீ சொன்னாய். "ஐயா, சாட்சி ஆளைப் பாத்துட்டாரு, இன்னைக்கு அடையாள அணிவகுப்பு வேணாம்." உன் வேலை எழுதுவது, எழுது என்று எரிந்து விழுந்தேன். நீ உள்ளதை எழுதினாய், நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பேர் வரிசையில் தையல்காரர் தடுமாறாமல் மெக்கானிக்கைத் தொட்டார். நீதிமன்றத்தில் சாட்சி எங்கே இருந்தார் என்று கேட்டபோது, நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு பின் அறை என்றாய். டைரியை யாரும் புரட்டவில்லை. அதைச் சின்ன விஷயமென்று நான் மறந்தே போனேன், தம்பி. அதுதான் என்னை அரிக்கிறது. மெக்கானிக் கொன்றானா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

போன வாரம் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. "என் பொண்ணுகிட்ட இதை நீங்களே வந்து சொல்வீங்களா சார்?" என்று மட்டும் கேட்டான். சரி என்றேன். அவள் வீட்டுத் தெருமுனை வரை போனேன், அப்படியே திரும்பி வந்துவிட்டேன். கோழை நான்.

வழக்கை மறுபடி விசாரிக்க மனு கொடுத்தது நான்தான். உன் பொய் என் உத்தரவு என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். உனக்குச் சிக்கல் வந்தால் முன்னால் நிற்பேன். இந்த வாத்தியார் வேலை போனால் போகட்டும்.

உன் பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். நீ கூண்டில் ஏறும் நாளில் நானும் எதிரில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காதே, தம்பி. நீ எழுதியதைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் பேச்சை அன்றே கேட்டிருக்க வேண்டிய
உன் பழைய ஐயா