நம் மூலையில் இரண்டு பேர்

அன்பு மகள் ஜனெல்லுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. சியாட்டில் மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. திங்கட்கிழமை கட்சிக் கூட்டத்தில் நம் வேட்பாளருக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்டபோதெல்லாம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. மானம் போன கதையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா கண் மூடிய பிறகு எனக்கு இது முதல் கூட்டம். அங்கே உங்களுக்கென்ன, சீட்டில் குத்தித் தபாலில் போட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம். அயோவாவில் அந்தப் பிழைப்பு கிடையாது, ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று வேட்பாளருக்கொரு மூலை பிரித்து ஊரறிய நிற்க வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேர் குடியரசுக் கட்சி. நம் கட்சிக்கு வருவது ஒரு டஜன் தலை, அதற்குள்ளும் நான் கைகாட்டுகிற வேட்பாளருக்கு எப்போதும் நானும் உன் அப்பாவும்தான். இரண்டு பேர் இருந்தால் மூலை தப்பும், ஒருத்தர் என்றால் கலைத்துவிட்டு வேறு மூலைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருஷமாக நம் மூலை கலைந்ததில்லை. உன் அப்பா வெர்னன் மாதிரி ஒரு பிடிவாதக்காரரையே பேசிப் பேசி என் பக்கம் இழுத்தவள் நான், மற்றவர்களை இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற திமிர் எனக்கு. ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று பேசிப் பழகினேன். பூனை எழுந்து போய்விட்டது, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தெருவெல்லாம் பனி உறைந்து கிடந்ததால் பக்கத்து வீட்டு டெல்மர் மாமாதான் தன் வண்டியில் கூட்டிப்போனார். அவர் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியும், அதே சாயங்காலம் தீயணைப்பு நிலையத்தில் அவர்கள் கூட்டம், அதற்குத் தலைவரே அவர்தான். "உன்ன எறக்கி விட்டுட்டு நான் நல்லவங்க கூட்டத்துக்குப் போறேன், புத்தி வந்தா நீயும் வா ஆர்டிஸ்" என்று வழியெல்லாம் வம்பு. பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். அவர் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் நீ. நம் வேட்பாளரின் மருத்துவத் திட்டத்தை விளக்க ஆரம்பித்து, எப்படியோ என் முழங்காலுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஓட்டு ஒன்றும் விழவில்லை, இரண்டு பேர் தைலம் பெயர் சொன்னார்கள். பிறகு மூலை பிரியச் சொன்னார்கள். எல்லாரும் கலகலவென்று இரண்டு மூலைக்குப் போய்ச் சேர, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நான் மட்டும். பக்கத்தில் அப்பா நிற்கிற இடம் காலி. கூட்டத்தை நடத்திய ஃபிலிஸ், "அங்க ஏண்டி ஒத்தையா நிக்கிற, இங்க வா, எலுமிச்சை கேக் இருக்கு" என்றாள். பொய் சொல்வானேன், ஒரு கால் நகர்ந்துவிட்டது. கேக்குக்காக இல்லை, தனியாக நிற்க முடியவில்லையடி.

அப்போது நான் திரும்பியே பார்க்காத வாசலோர நாற்காலியிலிருந்து பனி சொட்டும் பூட்ஸோடு டெல்மர் மாமா எழுந்து வந்து அப்பா இடத்தில் நின்றார். கூட்டம் தொடங்கும் முன்பே வாசல் மேஜையில் நம் கட்சிக்கு மாறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனுஷன். ஊரே வாயைப் பிளந்தது. "ரொம்ப சந்தோஷப்படாதீங்க, நாளைக்குக் காலையில திரும்ப மாறிக்குவேன்" என்றார். மூலை தப்பியது, மாவட்டக் கூட்டத்துக்கு அனுப்ப ஒரு பிரதிநிதி இடமும் கிடைத்தது. நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள் பிரதிநிதியாக அவர் பெயரையே எழுதிவிட்டார்கள். ஆகவே மார்ச் மாதம் மாவட்டக் கூட்டத்தில் நம் வேட்பாளருக்காகப் பேசப்போவது டெல்மர் மாமா. கட்சி திரும்ப மாறுவதைக்கூட அதற்காகத் தள்ளிப்போட்டிருக்கிறார். அங்கே அவருடைய தலைவர் பதவி போய்விட்டது, கேட்டால் நாற்காலி குத்திக்கொண்டிருந்தது என்கிறார்.

திரும்பி வரும்போது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "வெர்னனுக்கு நீ கைகாட்டற ஆளுங்க ஒருத்தனையும் புடிக்காது ஆர்டிஸ். ஒவ்வொரு தடவையும் வேலியோரம் வந்து பொலம்பிட்டுத்தான் கெளம்புவான். அப்புறம் ஏண்டா போறேன்னு கேட்டா, நான் போகலேன்னா அவ ஒத்தையா நிப்பாடான்னு சொல்லுவான்."

வாழ்நாளில் நான் பேசி ஜெயித்தது ஒரே ஒரு ஓட்டு என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன் ஜனெல். அதுவும் என் பேச்சுக்கு விழுந்த ஓட்டு இல்லையாம். வண்டியிலேயே சிரித்தேன், வீட்டுக்கு வந்து அப்பா சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. டெல்மர் மாமாவுக்கு இரண்டு வரி எழுது. இருவரும் மனம் ஒத்து, நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். முக்கியமாக ஒன்று: மாப்பிள்ளையும் உன் வேட்பாளர் பக்கமே வந்துவிட்டார் என்று பெருமையடித்தாயே, அவர் வேலியோரம் போய் யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் விசாரிக்காதே.

உன் அம்மா,
ஆர்டிஸ்